ஒரு மழை பார்த்துவிட்டு

எங்கள் பூகோள மேடத்தைப் பெண் பார்க்கப் போனது மே மாதத்தில். சம்மதம் வந்தது நவம்பரில். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய கணவர். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்த, சிக்னல் கம்பம் அளவுக்கே பேசக்கூடிய மனிதர். சொல்லும்போதும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பையனைப் பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க. ஒரு மழை பார்த்துட்டுச் சொல்றேன்னா. எங்கம்மா, பொண்ணு ஏதோ வேண்டுதல் வச்சிருக்கு போலன்னு நெனச்சாங்க. ஐப்பசி அடைமழையில ஒருநாள் அவங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து நின்னா. கூரையைப் பார்த்தா. கொல்லையைப் பார்த்தா. வாசல் தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தா. அடுத்த வாரம் சரின்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"கூரை ஒழுகியிருந்தா?" என்று கேட்டேன்.

"ஓடுகளை மாத்தச் சொல்லியிருப்பா. என்னை மாத்தச் சொல்லியிருக்க மாட்டான்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுகிட்டிருக்கேன்."

அறுபதுகளில் தாம்பரத்தைத் தாண்டி இருந்த ஒரு கல்லூரியில் அந்த அம்மையார் பூகோளம் நடத்தினார், நான் சரித்திரம். சரித்திரத்தில் ஒரு சௌகரியம் உண்டு. நடந்து முடிந்ததை மட்டும் பேசினால் போதும். யாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து "சார், நீங்க சொன்னது தப்பு" என்று சொல்ல முடியாது. அவருடைய தொழிலோ இனிமேல் நடக்கப்போவதைப் பற்றியது. இந்த இரண்டு தொழில்களுக்கும் ஒரே சம்பளம் கொடுத்தார்கள் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் ஆட்சேபம் கிடையாது.

மழை வந்தால் உலகம் உள்ளே ஓடும். எங்கள் ஆசிரியர் அறையில் ஜன்னல்களைச் சாத்துவோம், பியூனை டீக்கு அனுப்புவோம். அவர் மட்டும் எழுந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, கணவருடைய பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போவார். தேடி வரும் மாணவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "மேடம் மழை பார்க்கப் போயிருக்காங்க." மற்றவர்கள் சினிமா பார்க்கப் போவதைப்போல இதையும் சாதாரணமாகச் சொல்லப் பழகியிருந்தோம்.

திரும்பி வந்ததும் ஈரக் காலோடு நின்றபடியே அறிக்கை வாசிப்பார். "ஸ்டேஷன் பக்கத்துத் தண்ணியெல்லாம் ரேஷன் கடை வாசல்ல வந்து நிக்குது சார். போன வருஷம் நிக்கல. நடுவுல யாரோ சுவர் எடுத்திருக்காங்க." யாரோ எங்கேயோ சுவர் எடுத்த செய்தியில் நாங்கள் காட்டிய அக்கறை, டீ ஆறிவிடுமே என்பதில் காட்டிய அக்கறையைவிடக் குறைவுதான்.

கிரகப்பிரவேசங்களுக்கு அவரைக் கூப்பிடுவதில் எல்லோருக்கும் ஒரு தயக்கம் இருந்தது. குரோம்பேட்டையில் எங்கள் பௌதிக விரிவுரையாளர் ஆனி மாதத்தில் வீடு கட்டிக் குடிபோனார். மொசைக் தரை, புது மோஸ்தர் கம்பிக் கதவு, மாடியில் தண்ணீர்த் தொட்டி. எல்லோரும் புகழ்ந்தோம். இவர் வெள்ளி டம்ளரில் பாயசம் குடித்துக்கொண்டே கொல்லைப்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எப்படி மேடம் வீடு?" என்றார் வீட்டுக்காரர், கேட்டிருக்க வேண்டாம்.

"நல்லா இருக்கு சார். ஒரு மழை பார்த்துட்டுச் சொல்றேன்."

வீட்டுக்காரர் அன்று இரவு தூங்கவில்லை என்று கேள்வி. அந்த வருஷ மழையில் அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கார்த்திகையில் கொட்டும் மழையில் போய்ப் பார்த்துவிட்டு, இவரே முதல் ஆளாக, "அருமையான வீடு சார், நிம்மதியா இருங்க" என்றார். பௌதிகக்காரர் அதைக் கேட்டு அடைந்த சந்தோஷத்தைக் கிரகப்பிரவேசத்தன்றுகூட அடையவில்லை. இதைக் கெட்ட சகுனம் சொல்லும் பழக்கமாக நினைத்தவர்கள் உண்டு. அது அப்படியல்ல. மழைக்கு முன்னால் அவர் நல்லதும் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஏரி, கிணறு, மேய்ச்சல் நிலம், மண் இவற்றையெல்லாம் பார்த்த பிறகு எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று யோசிப்பதை ஒரு பாடமாகக் கல்லூரியில் நடத்தவேண்டும். சுற்றுச்சூழல் என்ற சொல் அப்போது எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. "இயற்கை வளமும் திட்டமிடலும்" என்று அவராகவே ஒரு பெயர் வைத்திருந்தார். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இது பூகோளமா, பொதுப்பணித் துறையா?

அவருடைய ஆராய்ச்சி மேற்பார்வையாளரும் அதையே கேட்டார். டாக்டர் பட்டத்துக்காக மேடம் அனகாபுத்தூரில் ஆற்றோரத் தெருக்களை எடுத்துக்கொண்டிருந்தார். தறி வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் சந்துகள். அடையாறு பெருகினால் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். எத்தனை அடி என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எது வரைக்கும் என்று கேட்டால் எல்லாப் பெண்களும் தங்கள் உடம்பிலேயே தொட்டுக் காட்டினார்கள். இவர் அதை அப்படியே வரைபடமாக்கினார். கணுக்கால் தெருவுக்கு ஒரு நிறம், முழங்கால் தெருவுக்கு ஒரு நிறம், இடுப்புத் தெருவுக்கு ஒரு நிறம். ஓரத்தில் குறிப்புக் கட்டத்தில் அடியும் அங்குலமும் இருக்கவேண்டிய இடத்தில் கணுக்கால், முழங்கால், இடுப்பு.

மேற்பார்வையாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா இது, பல்கலைக்கழகத்துல உடம்பையெல்லாம் காட்டிக்கிட்டு? அளவு எங்கே?"

"இதுதான் சார் அளவு. தண்ணி இடுப்புக்கு வந்தா பிள்ளையைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுக் கிளம்புவாங்க. முழங்காலா இருந்தா தறியைத்தான் பார்ப்பாங்க. எந்தத் தெருவுல எப்ப ஆள் கிளம்பும்னு இதுல தெரியும். அடியில போட்டா அது தெரியாது."

கடைசியில் இரண்டு குறிப்புக் கட்டங்கள் போட்டார். ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று அனகாபுத்தூருக்கு. பட்டம் கிடைக்க நாளாயிற்று. பல வருஷங்கள் கழித்து, சுற்றுச்சூழல் என்ற சொல் ரயிலேறி வந்து சேர்ந்து எல்லோரும் அதைப் பேசத் தொடங்கிய காலத்தில், டில்லியிலிருந்து வந்த ஒரு கமிட்டி அவரிடம் கோடையில் வந்து பதினைந்து நாளில் அறிக்கை கேட்டது. அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். கமிட்டி நவம்பரில் குடையோடு திரும்பி வந்தது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நான் சொல்ல வந்த விஷயம் அதற்கெல்லாம் முன்னால், எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது.

கல்லூரி ஆசிரியர்களான நாங்கள் சேர்ந்து ஒரு வீட்டுமனைச் சங்கம் ஆரம்பித்தோம். தலைவர், எங்கள் ரசாயனப் பேராசிரியர். கல்லூரிக் கவுன்சிலுக்கும் அவர்தான் தலைவர்; எது பாடம், எது பாடமில்லை என்று முடிவு செய்யும் இடம் அது. செயலாளர் நான். வேறு யாரும் மினிட்ஸ் எழுத ஒப்புக்கொள்ளாததால் எனக்குக் கிடைத்த பதவி. செம்பாக்கம் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையை ஒட்டி நிலம் பேசி முடித்தோம். மனை பிரிக்கும் வேலையை எங்கள் கணித ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். நாலு பக்கமும் சமமான, ஒன்றுக்கொன்று இம்மியும் வித்தியாசமில்லாத சதுரங்கள். யாருக்கும் மனத்தாங்கல் வராது. மெயின் ரோடு எங்கே போடுவது என்பதில் மட்டும் கொஞ்சம் யோசித்தார். நிலத்தின் நடுவே அகலமாக, நேராக, புல்கூட முளைக்காமல், ஏற்கெனவே தயாராக ஒரு தடம் இருந்தது. மாட்டுவண்டி போன சுவடுகூடத் தெரிந்தது. மண் வெட்டுகிற செலவு மிச்சம் என்று அதையே மெயின் ரோடாக வரைந்தார். மெயின் ரோட்டைப் பார்த்த மனைகளுக்குத்தான் கிராக்கி. குலுக்கலில் முதல் மனை தலைவருக்கு விழுந்தது. அதற்கு எதிர் மனை எனக்கு. வாழ்க்கையில் எனக்கு விழுந்த ஒரே பரிசு.

வரைபடத்தைப் பொதுக்குழுவில் விரித்தபோது மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் ஓர் உறுப்பினர்.

"சார், இந்த மெயின் ரோடு எங்கேருந்து ஆரம்பிக்குது?"

"ஏரிக்கரையில ஒரு கல்லுக்கட்டு இருக்கே, அங்கேருந்து," என்றார் கணிதம்.

"அது கலங்கல் சார். ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி அது வழியாத்தான் வெளியே வரும். நீங்க ரோடுன்னு போட்டிருக்கிறது, அந்தத் தண்ணி அடுத்த ஏரிக்குப் போற வாய்க்கால்."

"இப்ப அதுல சொட்டுத் தண்ணி இல்லையே மேடம்."

"சித்திரை மாசம் சார் இது. ஒரு மழை பார்த்துட்டு அப்புறமா எல்லைக்கல் நடலாம்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிவு அடுத்த கூட்டத்துக்கு என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் மேடத்தையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறையில் எப்போதும் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதை வைத்தே பலரைச் சீக்கிரம் சம்மதிக்க வைத்துவிடுவார். அந்த ஜூனிலிருந்து கல்லூரியில் ஒரு புது ஏற்பாடு வர இருந்தது. எந்தத் துறை மாணவரும் தனக்குப் பிடித்த ஏதாவது ஒரு பொதுப் பாடத்தைப் புதன்கிழமை கடைசி மணியில் படிக்கலாம். நான்கூட "உலக நாகரிகங்கள்" என்று ஒன்றைக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தேன். மேடம் கொடுத்த "இயற்கை வளமும் திட்டமிடலும்" மட்டும் அடுத்த வருஷத்துக்கென்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

"உங்க பாடத்தை ஜனவரி கவுன்சில்ல நான் பார்த்துக்கறேன் மேடம். நல்ல பாடம்தான். இந்த மனை விஷயத்தை மட்டும் எங்ககிட்ட விட்டுடுங்க. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுத்தானே போகணும்."

மேடம் பத்து வருஷமாக அந்தப் பாடத்துக்காக அலைந்தவர். ஒரு தலையாட்டலில் முடிந்துவிடும் காரியம். எனக்கு மூச்சு முட்டியது. முட்டை வாடை பாதிக் காரணம்தான்.

"அந்த ரோட்டை நான் விட்டுட்டேன்னா, அப்புறம் கிளாஸ்ல போய் எதைச் சார் நடத்தறது?"

"நாட்டுல வேற ஏரியே இல்லையா?"

"இருக்கு சார். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு சங்கமும் ஒரு தலைவரும் இருப்பாங்களே."

அவர் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே வழி கேட்பவர்போலக் கேட்டார். அதுதான் தலைவருக்குத் தாங்கவில்லை. "சரி, போய்ட்டு வாங்க" என்றார். வெளியே வந்ததும் நான், "மேடம், உங்க பாடம் போச்சே" என்றேன். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அடுத்த பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: கல் நடுவதைத் தை வரைக்கும் தள்ளிவைப்பது. விஞ்ஞானத்தின்மேல் இருந்த பக்தியால் என்று நினைத்துவிட வேண்டாம். எதையும் தள்ளிவைப்பது என் பிறவிக் குணம். ஆச்சரியம், தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஒருவருக்கு ஆவணியில் மகள் கல்யாணம். இன்னொருவருக்கு ஆடியில் எதையும் ஆரம்பிக்க மனசில்லை. ஆடியை நம்பாத கிறிஸ்தவ நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் முடியட்டுமே என்று இருந்தது. வாய்க்காலுக்காகக் கை தூக்கியவர் மேடம் ஒருவர்தான். மற்றவர்கள் தூக்கியது அவரவர் சொந்தக் காரணத்துக்காக. ஜனநாயகத்தில் கைகளைத்தான் எண்ணுகிறார்கள், காரணங்களை அல்ல.

தலைவரும் விடவில்லை. தை பொதுக்குழுவுக்குள் அந்த ரோட்டில் தண்ணீர் வராவிட்டால் அன்றைக்கே கல் நடவேண்டும் என்று கூடவே ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னார். எழுதினேன்.

அந்த வருஷம் ஐப்பசி வந்தது. மழை வரவில்லை. தீபாவளிக்கு ஒரு பட்டாசுகூட நமுத்துப் போகவில்லை. வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். தலைவர் ஆசிரியர் அறையைத் தாண்டும்போதெல்லாம், "என்ன மேடம், மழை லீவுல போயிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் "ஆமா சார், மெடிக்கல் லீவு" என்று பதில் சொன்னார். ஆனால் குடை மூலையிலேயே சாய்ந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தோம்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "மழையே வரலைன்னா என்ன மேடம் பண்ணுவீங்க?"

"வரலைன்னாலும் அது வாய்க்கால்தான் சார். ஆனா அதை நம்பறதுக்கு யாருக்கும் காரணம் இருக்காது. கல் நட்டுடுவாங்க. வீடு கட்டுவாங்க. நீங்களும் கட்டுவீங்க. அப்புறம் என்னைக்காவது ஒருநாள் வரும். அன்னைக்கு நான் சொன்னது சரியா இருந்து என்ன பிரயோஜனம்?"

தான் சொன்னது சரி என்று நிரூபணமாவதில் ஒருவருக்கு ஆசையே இல்லாமல் இருக்கமுடியும் என்பது கல்லூரி ஆசிரியனாகிய எனக்குப் புதுச் செய்தி.

கார்த்திகை முடிகிற சமயத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பிடித்த மழை ஞாயிறு காலைவரை விடவில்லை. சர்ச் முடிந்து வந்தவர்கள், காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள், தூங்கிக்கொண்டிருந்த நான், எல்லோரும் ஒருவரை ஒருவர் கூப்பிடாமலே செம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். அவரவர் மனை அவரவருக்குக் கவலை. ஏரிக்கரைமேல் வரிசையாகக் கறுப்புக் குடைகள். கீழே கலங்கலைத் தாண்டிச் செம்மண் நிறத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் மெயின் ரோடு ஒரு வளைவுகூட இல்லாமல், வரைபடத்தில் போட்ட அதே அகலத்தில், ஓடிக்கொண்டிருந்தது. கணித ஆசிரியரின் அளவு அவ்வளவு கச்சிதம்.

முதல் மனையில் முழங்கால் தண்ணீரில் இரண்டு பேர் வேட்டியை விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார்.

"யாருப்பா அது? இது என் மனை."

ஒருவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருக்கட்டும் சார். கொஞ்சம் அப்பால போய் நின்னுக்க. கெண்டை மெரண்டு ஓடுது, ஒரே பேஜாரா கீது."

தலைவர் அப்பால் போய் நின்றார். கல்லூரியில் அவரை அப்படி நிற்கவைக்க யாராலும் முடிந்ததில்லை. கரைமேல் யாரோ சிரிக்க ஆரம்பித்து, மேடம் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. சொன்னேனே என்றும் சொல்லவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய்த் தலைவர் பக்கத்தில் நின்றார்.

"இது எங்க போகுது மேடம்?" என்று தலைவர் கேட்டது எங்களுக்குக் கேட்டது.

"வாங்க சார், போய்ப் பார்க்கலாம்."

வாய்க்கால் ஓரமாகவே நடந்தார்கள். சும்மா நிற்பானேன் என்று நாங்களும் பின்னால் போனோம். வழியெல்லாம் அவர் காட்டிக்கொண்டே வந்தார். இந்த மேடு ஏன் மேடு, அந்தக் கிணறு ஏன் கோடையிலும் வற்றுவதில்லை, இந்தப் பக்கம் வீடு கட்டினால் எந்தப் பக்கம் தண்ணீர் திரும்பும் என்றெல்லாம். முதலில் வழுக்குகிறது என்று முனகியவர்கள் கொஞ்ச நேரத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஏரிக்கு எங்கள் தண்ணீர் போய்ச் சேருவதைப் பார்த்தபோது, கணித ஆசிரியர், "அப்ப மனையைச் சாய்ச்சு வெட்டினா வாய்க்காலைத் தொடாம எல்லாத்தையும் அடக்கிடலாமே" என்று தானாகவே சொன்னார்.

அப்படியே வரைந்தார். எல்லோருடைய மனையும் கொஞ்சம் சுருங்கியது. சிலருக்கு மூலை கூராகிவிட்டது. மறுகுலுக்கலில் கணித ஆசிரியருக்கே ஒரு சரிவகம் வந்தது. அதன் பரப்பளவுக்குச் சூத்திரத்தை வருஷா வருஷம் நடத்தியவர், கடைசிவரை அந்த மனையைச் சரியாக அளந்து முடிக்கவில்லை. என் பரிசு மனை வாய்க்காலோடு போனது. பதிலுக்குக் கிடைத்த இடத்தில்தான் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தரை உலர்ந்தே இருக்கிறது.

ஜனவரி கவுன்சிலில் மேடத்தின் பாடம் வந்தது. தலைவர் மழையைப் பற்றி மூச்சு விடவில்லை. "லேப் வேண்டாம், கெமிக்கல் வேண்டாம், அட்டெண்டர் வேண்டாம். செலவில்லாத பாடம். எதிர்க்க எனக்குக் காரணம் எதுவும் தெரியல" என்றார். ஆயுள் முழுக்க லேப் செலவுக்குச் சண்டை போட்டவர் அவர். மற்றவர்களும் செலவில்லை என்றதும் தலையை ஆட்டினார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஜூனில் முதல் வகுப்புக்குப் போதிய மாணவர்கள் வராவிட்டால், அன்றோடு பாடம் ரத்து.

மேடம் அதற்குப் பயந்தார். மழைக்குக்கூட அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. "பரீட்சைக்கு உதவாத பாடம் சார். வேலை கிடைக்கும்னும் சொல்ல முடியாது. எதுக்கு வருவாங்க?" என்று என்னையே கேட்டார். நான் ஆறுதலாக, "என் உலக நாகரிகங்கள் மட்டும் எதுக்கு உதவுது மேடம்?" என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

ஜூன் மாதம், புதன்கிழமை, கடைசி மணி. அவருக்கு ஒதுக்கியிருந்தது என் வகுப்புக்கு எதிரே, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய சின்ன அறை. எந்த மாணவன் எந்த அறைக்குள் நுழைகிறானோ அதுதான் அவன் தேர்வு. நான் பாபிலோனை ஆரம்பித்துவிட்டு, ஒரு கண்ணை வராந்தாவில் வைத்திருந்தேன். கூட்டமாக யாரும் போனதாகத் தெரியவில்லை. இரண்டு பேர் மூன்று பேராகத்தான் போனார்கள். அப்புறம் வராந்தா காலியாகிவிட்டது. ஹம்முராபிக்கு இரண்டு முறை முடிசூட்டினேன்.

மணி அடித்துக் கால் மணி இருக்கும். மேடம் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை, ஒரு கையில் சாக்பீஸ். முகத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மன்னிச்சுக்கணும் சார். உங்ககிட்ட பெஞ்சு ஏதாவது காலியா இருக்கா? அங்க பசங்க ஜன்னல்ல உட்கார்ந்திருக்காங்க."

என் வகுப்பில் காலி பெஞ்சுக்கா பஞ்சம்? "எத்தனை வேணுமோ எடுத்துக்கங்க மேடம்" என்றேன். பின்வரிசையில் நாலு பேர், நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து, ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வராந்தாவைத் தாண்டிப் போனார்கள்.

மறுநாள் பெஞ்சு திரும்பி வந்தது. அந்த நாலு பேர் வரவில்லை.